சில்லூ பக்கத்தில் சாம்

வெலிங்டனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. குன்னூர் - ஊட்டி சாலையில், ஃபீல்ட் மார்ஷல் சாம் மானெக்ஷா பெயர் சூட்டிய பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவருடைய கருங்கல் சிலை. சுற்றுலா வேன்கள் வரிசையாக அதைக் கடந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டில் கண்ணாடி இறங்கியது, போனை நீட்டிப் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். 1971 பாகிஸ்தான் போரை 13 நாளில் முடித்த தளபதி என்ற அளவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு 35 ஆண்டுகள் குன்னூரிலேயே வீடு கட்டி வாழ்ந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் 94 வயதில் காலமானவர் என்பது தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் குடும்பஸ்தரைத் தேடித்தான் மலையேறி வந்தேன்.

இந்த ஊருக்கும் அவருக்கும் பழைய தொடர்பு உண்டு. இங்குள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்குத் தலைமை வகித்தபோதுதான், மேலிடத்தின் கோபத்துக்கு ஆளாகி விசாரணையை எதிர்கொண்டார். குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. 1962 சீனப் போரில் நம் படை பின்வாங்கியபோது, வடகிழக்கில் நிலைமையைச் சமாளிக்க அரசு அவரைத்தான் தேடி அனுப்பியது. அவமானப்பட்ட ஊரிலேயே கடைசிக் காலத்தைக் கழிக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றுவது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. மனைவி சில்லூவுக்கும் இந்த மலை பிடித்துப்போயிருக்க வேண்டும்.

பஜாரில் டீ குடிக்க ஒதுங்கினேன். கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டபடி ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். மானெக்ஷா என்று சொன்னதும் முதுகு நிமிர்ந்துவிட்டது.

“எங்க சீஃப் அவரு. சண்டைக்கு ரெடி ஆகாம எங்களை அனுப்பமாட்டேன்னு இந்திரா அம்மாகிட்டயே சொன்னவரு.”

அவர் சொன்னது உண்மை. 1971 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி உடனே படையை அனுப்பக் கேட்டபோது, மழைக்காலம் வருகிறது, படை தயாராக இல்லை என்று நேருக்கு நேர் மறுத்தார். வேண்டுமானால் ராஜினாமா செய்கிறேன் என்றும் சொன்னார். கேட்ட அவகாசம் கிடைத்தது. டிசம்பர் 3 அன்று தொடங்கிய போர் 16 அன்று டாக்காவில் சரணடைதலோடு முடிந்தது.

பெரியவரைத் தேடிக்கொண்டு வந்த அவருடைய மனைவி, பேச்சைக் கேட்டுவிட்டு நின்றார். “சண்டைன்னு ரேடியோவுல சொன்னதோட சரி தம்பி. இவரு இருக்காரா இல்லையான்னு தெரியாது. பொங்கல் கழிஞ்சுதான் லெட்டர் வந்துச்சு.” வீடு பக்கத்துச் சந்துதான், வந்து பாருங்கள் என்றார்.

டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டுப்புடவைக்குக் கீழே இருந்தது அந்தக் கடிதம். 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முத்திரை மங்கிப்போயிருந்தது. மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டியிருந்தார்கள். நான் சௌக்கியம் என்று முதல் வரி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதா, மாடு ஈன்றதா, வாய்க்கால் தண்ணீர் வருகிறதா என்று மீதி எல்லாம் கேள்வி. போரைப் பற்றி ஒரு சொல் இல்லை. “சண்டை போட்டவரு எழுதின மாதிரியா இருக்கு?” என்று சிரித்தார் அந்த அம்மா. பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில்லூவும் இப்படிக் காத்திருந்தவர்தான். 1937ல் லாகூரில் ஒரு விருந்தில் சந்தித்து, 1939 ஏப்ரல் 22 அன்று பம்பாயில் திருமணம். சில்லூ ஓவியம் படித்தவர். மூத்த மகள் ஷெர்ரிக்கு இரண்டு வயதாக இருந்த 1942 பிப்ரவரியில், பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியர் சுட்டதில் மானெக்ஷாவின் வயிற்றிலும் நெஞ்சிலும் குண்டுகள் பாய்ந்தன. பிழைக்கமாட்டார் என்று நினைத்த மேலதிகாரி கோவன், இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் தரமுடியாது என்பதால், தன் மார்பில் இருந்த பதக்க நாடாவைக் கழற்றி அவருக்குக் குத்தினார். உதவியாளர் ஷேர் சிங் தூக்கிக்கொண்டு போய் மருத்துவரிடம் சேர்த்ததால் உயிர் தங்கியது. அந்த நாடாவைப் பற்றி எழுதாத புத்தகம் இல்லை. சின்னக் குழந்தையோடு அந்த நாட்களைக் கடந்த சில்லூவைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்?

பிற்பகலில் ஊட்டியில் அவர்கள் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தேன். இருவரும் பார்சிகள். இறந்தவர்களைப் பறவைகளுக்கு வைக்கும் தோக்மா கோபுரம் இல்லாத ஊர்களில் பார்சிகள் மண்ணில்தான் அடக்கம் செய்கிறார்கள், ஊட்டியிலும் அப்படித்தான். சில்லூ 2001ல் இறந்தார். ஏழு ஆண்டு கழித்து அவர் பக்கத்திலேயே சாம். நாட்டின் முதல் ஃபீல்ட் மார்ஷலுக்கு டெல்லியிலோ படைமுகாமிலோ இடம் கிடைக்காமல் இருந்திருக்காது. அவர் மனைவியோடு இருக்கிறார். ஆண்டு நினைவு நாளுக்கு வைத்த மலர்வளையம் வாடிக் கிடந்தது. ரிப்பனில் எழுதியிருந்த பெயர், மழையில் மை கரைந்து நீலக் கறையாகியிருந்தது.

இறுதிச் சடங்குக்கு டெல்லியின் பெரிய தலைவர்கள் வரவில்லை. பாதுகாப்புத் துறை இணையமைச்சர்தான் வந்தார். உயிரோடு இருக்கும்போதும் இப்படித்தான். ஃபீல்ட் மார்ஷலுக்கு வாழ்நாள் முழுதும் முழுச் சம்பளம் உண்டு. அந்த நிலுவைக்கான காசோலை, ஒரு கோடி ரூபாய்க்கு மேல், அவர் நோயில் விழுந்த பிறகு 2007ல்தான் கைக்கு வந்தது. இது வெட்கக்கேடு; வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கல்லறை முன் நின்றபோது அவர் மேடைகளில் சொல்லிவந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. போருக்குப் பிறகு பாகிஸ்தான் போனபோது, ஆளுநர் மாளிகைப் பணியாளர் ஒருவர் தலைப்பாகையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாராம். சிறைப்பட்ட தன் பிள்ளைகளை இந்தியப் படை நன்றாக வைத்திருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது என்றாராம். 93,000 கைதிகளையும் யாரோ பெற்ற பிள்ளைகளாகப் பார்க்க, வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளை வளர்த்த தகப்பனால் முடிந்தது என்றே நான் நம்புகிறேன்.

உங்கள் தெருவிலும் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் இருப்பார். அவரிடம் போர்க் கதை கேளுங்கள். அந்த வீட்டம்மாவிடமும் உட்கார்ந்து பேசுங்கள். பெட்டிக்குள் கடிதம் ஏதாவது இருந்தால், பேரப்பிள்ளைகளைக் கொண்டு இன்றைக்கே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள்கள் இன்னும் ரொம்ப நாள் தாங்காது.