தகரத்தில் மழை

மொட்டைமாடிக் கொட்டகைத் தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நேபாளத்துச் சிந்துபால்சோக் நினைவுதான்.

2015 ஏப்ரல் 25, நண்பகலுக்குச் சற்று முன் நேபாளம் குலுங்கியது. சனிக்கிழமை. அங்கே வார விடுமுறை. பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. இடிந்த வகுப்பறையைத் தாண்டும்போதெல்லாம் யாராவது அதைச் சொல்வார்கள்.

நிவாரண வேலைக்கு நாங்கள் அங்கே போனது மே கடைசியில். மழைக்காலத்துக்குள் தகரக் கூரை போட்டாக வேண்டும். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் கல்லும் மண்ணுமாகவே கிடந்தன. எனக்கு ஆணி அடிக்கக்கூடச் சரியாக வராது. நம்லோ பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமை ஏற்றியவர்கள் ஊர்ப் பெண்கள். நான் பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டே படம் எடுத்தேன். தகரத்துக்கு வரிசையில் நின்றவர்களையும் எடுத்தேன். யாரும் நன்றி சொல்லவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் குறை இருந்ததையும் மறைப்பானேன். தன்யபாத் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த ஊர் வாயில் அது அவ்வளவாக வராது. நாம் மட்டும் சோறு போட்ட அம்மாவிடம் நன்றி சொல்கிறோமா என்ன?

அவர்கள் கேட்டதெல்லாம் "கானா கானுபயோ?" சாப்பிட்டாச்சா என்பதுதான். இருப்பதையும் நாம் தின்றுவிடக் கூடாதென்று, ஆயிற்று எனப் பொய் சொல்லப் பழகியிருந்தோம்.

ஒரு ஆமா நம்பவில்லை. நமக்கு ஆமா என்றால் சம்மதம், அங்கே அம்மா. முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை மூட்டினாள். கோதோ மாவில் திண்டோ, குந்த்ருக் கீரைச் சாறு. கோதோ வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகு. திண்டோ தர்மபுரிக் களியேதான். கூட வந்தவர்கள் மென்றார்கள். நான் பிய்த்துச் சாற்றில் தோய்த்து விழுங்கினேன். "இவனுக்குத் தெரியுது" என்பதுபோல ஆமா சிரித்தாள். விழுங்கியதால் மண் தெரியவில்லை. இடிபாட்டுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த மாவு என்பதைக் கடைசி வாய்தான் நாக்கில் நெறுநெறுத்துச் சொன்னது.

அதே வருஷம் டிசம்பரில் முடிச்சூரில் என் வீட்டுக்குள் அடையாற்று வெள்ளம். இரண்டு நாள் மாடியில். படகில் வந்த பையன் ஒரு பொட்டலம் நீட்டினான், எலுமிச்சைச் சோறு. கை நீட்டினேன். பின்னாலிருந்தவன் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தான். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. பசியில் நன்றி சொல்லவும் மறந்துபோனேன். பொட்டலத்தைப் பிரித்தபோது நினைவுக்கு வந்தது, தகர வரிசையில் கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒருவர்.

ஆமா வீட்டில் நான் சாப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே, கேட்காமல் இன்னொரு கட்டி விழுந்தது. அப்போதுதான் புதுத் தகரத்தில் முதல் மழை. பேச்சு கேட்காத அளவுக்குச் சத்தம். நான் அடித்த ஆணி வழியாகச் சொட்டத் தொடங்கியது. ஆமா ஒன்றும் சொல்லாமல் என் தட்டைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்தாள்.