அழுகிய கிழங்கும் அழுத மாதாவும்

1846-ம் ஆண்டு, செப்டம்பர் 19, சனிக்கிழமை. பிரான்சின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலையில், ல சலேத் என்ற சிற்றூருக்கு மேலே இரண்டு பிள்ளைகள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். மெலனிக்கு 14 வயது, மாக்சிமினுக்கு 11. இருவரும் பக்கத்து ஊரான கோரில் பிறந்த ஏழைப் பிள்ளைகள். மெலனி சிறு வயதிலிருந்தே அடுத்தவர் மாடுகளை மேய்த்துப் பிழைத்தவள். மாக்சிமின், வழக்கமாக மேய்ப்பவருக்கு உடம்புக்கு முடியாததால் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வந்தவன்.

மதியம் கண்ணயர்ந்து எழுந்தபோது, வற்றிய ஊற்று ஒன்றின் அருகே ஒளி தெரிந்தது. அதன் நடுவே ஒரு பெண், முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்தார். இது அந்தப் பிள்ளைகள் சொன்ன சாட்சி. அங்கேதான் இன்று சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் சலேத் மாதா திருத்தலம் இருக்கிறது.

அந்த அழுகை ஏன் விவசாயிகளின் நெஞ்சைத் தொட்டது என்பதற்கு அந்த வருடத்தின் வெள்ளாமையைப் பார்க்க வேண்டும். 1845-ல் ஐரோப்பாவில் உருளைக்கிழங்குப் பயிர் கருகி, கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகி நாறியது. கிழங்கையே நம்பி வாழ்ந்த அயர்லாந்தில் அடுத்த சில ஆண்டுகளில் பஞ்சத்துக்கும் நோய்க்கும் சுமார் 10 லட்சம் பேர் பலியானார்கள். 1846-ல் பிரான்சில் கோதுமையும் பொய்த்தது.

புரியாத ஒரு சொல்

அந்தப் பெண் முதலில் பிரெஞ்சு மொழியில் பேசினார். ஞாயிறு ஓய்வை யாரும் மதிப்பதில்லை, வண்டியோட்டிகள் தம் மகனின் பெயரைச் சொல்லி வசைபாடுகிறார்கள் என்று வருந்தினார். பிறகு பேச்சு உருளைக்கிழங்குக்கு வந்தது. பிரெஞ்சில் அதற்கு 'பொம் த தேர்' என்று பெயர். நேர்ப்பொருள், மண்ணின் ஆப்பிள். மெலனிக்கு விளங்கவில்லை. அவர்கள் ஊர்ப் பேச்சில் கிழங்கு என்றால் 'த்ரூஃபா'. அவள் மாக்சிமின் பக்கம் திரும்பினாள். அதைக் கண்ட அந்தப் பெண், வேறு விதமாகச் சொல்கிறேன் என்று அந்த மலைப்பேச்சுக்கே மாறிவிட்டார். விவசாயியிடம் பேசப் போகிற எவரும் படிக்க வேண்டிய பாடம் இது.

கோதுமை கெட்டுப்போனதைப் பார்த்ததில்லையா என்று அவர் கேட்டபோது, பிள்ளைகள் இல்லை என்றார்கள். மாக்சிமின் மறந்துபோன ஒரு நாளை அவர் நினைவூட்டினார். அவனும் அவன் அப்பாவும் ஒருவருடைய வயலைப் பார்க்கப் போயிருந்தார்கள். அப்பா இரண்டு மூன்று கதிர்களை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். எல்லாம் தூளாக உதிர்ந்தது. திரும்பும் வழியில் ஒரு துண்டு ரொட்டியை மகனிடம் கொடுத்து, இந்த வருடமாவது சாப்பிடு, இப்படியே போனால் அடுத்த வருடம் யாருக்குக் கிடைக்குமோ என்றார்.

மாக்சிமினின் அப்பா வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். குடிப்பழக்கம் உள்ளவர், கோயில் பக்கம் போகாதவர். முதலில் மகன் சொன்னதை அவர் நம்பவில்லை. அந்த ரொட்டித் துண்டைப் பற்றிக் கேட்டதும் ஆடிப்போனார். பிறகு அவரே மலையேறினார்.

திருத்தலம் எழுந்த கதை

பிள்ளைகள் கேட்டதை முதலில் தாளில் எழுதி வைத்தவர் குருவானவர் அல்ல. மெலனிக்கு வேலை கொடுத்த விவசாயிதான். மறுநாள் மாலையே அண்டை வீட்டாருடன் உட்கார்ந்து எழுதினார். மக்கள் மலையேறத் தொடங்கினார்கள். நம்பாதவர்களும் இருந்தார்கள், திருச்சபைக்குள்ளேயே வாதங்கள் நடந்தன. ஐந்து ஆண்டு விசாரணைக்குப் பிறகு, 1851 செப்டம்பர் 19 அன்று கிரெனோபிள் ஆயர் அந்தக் காட்சியை ஏற்று அறிவித்தார். 1852-ல் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1879-ல் அது பசிலிக்கா ஆனது.

பிரெஞ்சு குருக்கள் வழியாக இந்தப் பக்தி கொடைக்கானலுக்கும் வந்தது. இயேசு சபைக் குரு லூயி செயின்ட் சிர் அங்கே கட்டிய சலேத் மாதா கோயில் 1866-ம் ஆண்டைச் சேர்ந்தது. கிழங்குக்காகக் கண்ணீர் விட்ட மாதா, உருளைக்கிழங்கு விளையும் இன்னொரு மலைக்கே வந்து சேர்ந்தார்.

மருந்து வந்தது பிறகு

1846-ல் அந்த மலை விவசாயிகளிடம் இந்த நோய்க்கு மருந்து எதுவும் இல்லை. கிழங்கை அழித்தது 'பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ்' என்ற, பூஞ்சணம் போன்ற நுண்ணுயிரி என்பது 1861-ல் ஜெர்மானிய அறிஞர் டி பாரியின் ஆய்வில் உறுதியானது. 1885-ல் பிரான்சின் போர்டோ பகுதியில் மில்லர்தே, திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசலைக் கண்டறிந்தார். அதுவே கிழங்கையும் காத்தது. இன்றும் 1 சதவீத போர்டோ கலவைக்கு அளவு இதுதான்: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். பனிமூட்டமும் தூறலும் தொடரும் நாட்களில், இலைக்கருகல் தெரியும் முன்பே தெளித்தால்தான் பலன்.

ஆனாலும் எல்லா வருடமும் மருந்து முந்திக்கொள்வதில்லை. பயிர் போன வீட்டுக்குப் போகிறவர், ஏன் முன்பே தெளிக்கவில்லை என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகலாம். தன் பிள்ளைக்கு ரொட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த வருடத்தை நினைத்துக் கலங்கிய அந்தத் தகப்பன், அந்த வீட்டுக்குள்ளும் உட்கார்ந்திருக்கலாம்.