தானா ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரும் "வயசாயிடுச்சு" என்ற பதிலும்

1/
வீட்டு கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு தானா அணைஞ்சு மறுபடி ஆன் ஆகுதா? இதைப் பத்தி ஒரு டாக்டர் எதுக்கு எழுதணும்னு தோணலாம். பொறுமையா படிங்க மக்களே, கடைசியில உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு.

2/
என் அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வயசு 74. கும்பகோணம் பக்கத்துல ஊர். மூணு வருஷமா தன் பள்ளி அனுபவங்களை கம்ப்யூட்டர்ல தமிழ்ல டைப் பண்ணிட்டு வந்தார். ரெண்டு விரல்ல தட்டி தட்டி நூறு பக்கத்துக்கு மேல முடிச்சிருந்தார்.
போன வருஷம் திடீர்னு நிறுத்திட்டார்.

3/
காரணம் கேட்டா, "டைப் பண்ணும்போதே அணைஞ்சிடுதுப்பா. அடிச்சதெல்லாம் போயிடுது. நான்தான் எதையோ தப்பா அமுக்குறேன் போல. விடு, வயசாயிடுச்சு" என்றார்.
ஒரு கடையில விண்டோஸை அழிச்சுப் போட்டாங்களாம். சரியாகல. இன்னொரு கடையில "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்களாம். எப்போ அணையுதுன்னு ரெண்டு இடத்துலயும் யாரும் கேட்கவே இல்லை.

4/
மயங்கி விழுந்தேன்னு ஒருத்தர் வந்தா, நாங்க முதல்ல எழுதுறது ஸ்கேன் இல்லை. எப்போ விழுந்தீங்க, நின்னுட்டு இருந்தீங்களா, எழுந்திருக்கும்போதா, சாப்பிட்டீங்களா, பக்கத்துல யார் பார்த்தாங்க? இந்தக் கேள்விகள்லயே பாதி விடை கிடைச்சிடும். கம்ப்யூட்டருக்கும் அதேதான்.

5/
முதல் வேலையா, எழுதின பக்கங்களை பென்டிரைவ்ல காப்பி எடுக்கச் சொன்னேன். உயிரைக் காப்பாத்திட்டுத்தான் நோயைத் தேடணும்.
அப்புறம் சொன்னேன், "பத்து நாள் வழக்கம் போல உட்காருங்கப்பா. எதையும் சரி பண்ண வேண்டாம். அணைஞ்சா மணி என்ன, அப்போ வீட்டுல என்ன நடந்துச்சு, இதை மட்டும் நோட்டுல எழுதுங்க."

6/
இடையில விண்டோஸ்ல இருக்கும் ஈவன்ட் வ்யூவரையும் பார்த்தேன். "கெர்னல் பவர் 41" என்று வரிசையா பதிவு. இதைப் பார்த்துட்டு நிறைய பேர் பயந்துடுவாங்க. அதுக்கு அர்த்தம், முறையா ஷட்டவுன் ஆகாம நின்னுடுச்சு, அவ்வளவுதான். "நோயாளி விழுந்தார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதின மாதிரி. ஏன் விழுந்தார்னு அதுல இருக்காது.

7/
பத்து நாள்ல 11 தடவை. அதுல 9, காலை 6 மணியை ஒட்டி. மீதி ரெண்டு, சாயங்காலம் 5.30 வாக்கில். மத்தியானம் நல்ல வெயில்ல ரெண்டு மணி நேரம் யூட்யூப் ஓடினப்போ ஒரு தடவை கூட இல்லை. அப்போ சூடு காரணமா இருக்க வாய்ப்பு கம்மி.
நோட்டை எட்டிப் பார்த்த அம்மா சொன்னாங்க, "இது நான் மோட்டார் போடுற நேரமாச்சே!"

8/
அங்கதான் விடை. போர் மோட்டார் கிளம்பும் அந்த நொடியில, ஓடும்போது இழுப்பதைவிட பல மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு வோல்டேஜ் சட்டுனு இறங்கும். லைட் மங்குதே, அதுதான். அந்த நேரத்துல யுபிஎஸ் தன் பேட்டரிக்கு மாறி கம்ப்யூட்டரைத் தாங்கணும். எங்க வீட்டு யுபிஎஸ் பேட்டரிக்கு வயசு ஐந்து. பச்சை விளக்கு எரியும், ஆனா உள்ளே சரக்கு இல்லை.

9/
சோதிச்சோம். கம்ப்யூட்டரைக் கழட்டிட்டு யுபிஎஸ்ல ஒரு டேபிள் லேம்ப் மாட்டி, சுவர் பிளக்கைப் பிடுங்கினோம். லேம்ப் உடனே அணைஞ்சது. பேட்டரி மாத்தினோம், ஆயிரம் ரூபாய் சொச்சம். அம்மா மோட்டார் போட்டாங்க. கம்ப்யூட்டர் அசையல.
ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. நாலைச் சேர்த்து மாத்தினா எது காரணம்னு தெரியாமலே போயிடும்.

10/
உங்க வீட்டுல காரணம் வேறயா இருக்கலாம்.
• "ரீஸ்டார்ட்டிங்" என்று காட்டிட்டு முறையா அணைஞ்சா: பெரும்பாலும் அப்டேட்.
• கேம், வீடியோ எடிட்டிங் நேரத்துல மட்டும்: ஃபேன் தூசி, சூடு, அல்லது எஸ்எம்பிஎஸ் பலவீனம்.
• நேரம் காலமே இல்லாம: ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி செட்டிங்கில் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுங்க. எரர் திரை வந்தா நிக்கும், அதுல உள்ள கோடை போட்டோ எடுங்க. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டிப் பாருங்க.
எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீங்க. பிளக்கைக் கழட்டின பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

11/
இப்போ என் துறைக்கு வர்றேன். படுத்திருந்து எழுந்து நிக்கும்போது அரை லிட்டரோ அதுக்கு மேலயோ ரத்தம் வயிறு, கால் பக்கம் இறங்கும். பிரஷர் இறங்காம உடம்பு உடனே ரத்தக்குழாயை இறுக்கி, இதயத் துடிப்பைக் கூட்டித் தாங்கும். அதுவும் ஒரு யுபிஎஸ்தான். வயசு, பல வருஷ சுகர், சில பிபி மாத்திரை, சில ப்ராஸ்டேட் மாத்திரை, தண்ணீர் குறைவா குடிப்பது, இதெல்லாம் அதை பலவீனமாக்கும். விளைவு: எழுந்ததும் கண் இருட்டும், சிலர் விழுவாங்க.

12/
அவங்களும் சொல்றது அதே வார்த்தைதான்: "வயசாயிடுச்சு." சொல்லிட்டு கோயிலுக்குப் போறதை, வாக்கிங்கை நிறுத்திடுவாங்க.
இதைக் கண்டுபிடிக்க பெரிய ஸ்கேன் வேண்டாம். ஐந்து நிமிஷம் படுக்க வெச்சு பிபி, எழுந்து நின்னதும் 1வது, 3வது நிமிஷத்துல பிபி. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினா டாக்டரிடம் காட்டுங்க. பல நேரம் மாத்திரையை மாத்தினாலே போதும். நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. நெஞ்சு வலி, படபடப்போட மயக்கம், வேலை செய்யும்போதே மயக்கம் என்றால் காத்திருக்காம உடனே மருத்துவமனை.

13/
ஆக, வீட்டுல பெரியவங்க "எனக்கு இனிமே முடியல" என்று எதையாவது கைவிட்டா, சரின்னு தலையாட்டாதீங்க. எப்போ, என்ன பண்ணும்போது, எத்தனை தடவைன்னு கேளுங்க. ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்க. தப்பு அவங்க மேல இல்லைன்னு தெரிஞ்சாலே பாதி தெம்பு வந்துடும்.
அப்பா இப்போ 160வது பக்கத்துல இருக்கார்.