இசட் டிரைவ்

சர்வரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பஞ்சு வந்தது. விசிறி இதழ்களைச் சுற்றியும் மெமரிக் குச்சிகளின் இடுக்கிலும் வெள்ளையும் சாம்பலுமாக அப்பிக் கிடந்தது. திருப்பூரில் அவிநாசி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிற பனியன் கம்பெனி அது. கீழே தையல், மேலே ஆபீஸ், ஆபீஸை ஒட்டிச் சாம்பிள் ரூம். சாம்பிள் ரூம் மேசைக்கு அடியில், நூல் கோன் அட்டைப்பெட்டிக்கும் யுபிஎஸ்ஸுக்கும் நடுவில், கம்பெனியின் மொத்தச் சரித்திரமும் அந்த ஒரு டப்பாவுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே போய் புளோயர் வாங்கிவந்து ஊதினார் சிஸ்டம் தம்பி. எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நூல் கோனைக் கையில் உருட்டிக்கொண்டு நின்ற புரொடக்‌ஷன் மேனேஜர், முதலாளியின் மைத்துனர், இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

நான் லேபிள் சாம்பிள் அட்டையோடு ஓரத்து நாற்காலியில் இருந்தேன். முதலாளி பார்த்துச் சரி சொன்னால்தான் கிளம்ப முடியும். லேபிள்காரன் உட்கார்ந்திருக்கிறானே என்று பனியன் கம்பெனியில் யாரும் பேச்சைக் குறைத்துக்கொள்வதில்லை. அது ஒரு வசதி.

தம்பி வந்த காரியம் இதுதான். மெர்ச்சண்டைசர் பெண் பிரசவத்துக்குக் கோபிச்செட்டிபாளையம் அம்மா வீட்டுக்குப் போனவர், குழந்தையோடு அங்கேயே இருக்கிறார். அவருக்கு வேலையை விட மனமில்லை, கம்பெனிக்கு அவரை விட மனமில்லை. ஐரோப்பிய பையரின் மெயில்கள் நமக்குச் சாயங்காலத்தில்தான் சூடு பிடிக்கும்; அமெரிக்கா என்றால் நடுராத்திரி. டெக் பேக், அளவு சார்ட், ஷேடு அப்ரூவல் எல்லாம் சர்வரில் கிடக்கின்றன. இதுவரை அக்கவுண்டன்ட் ஒவ்வொன்றாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவந்தார். ‘பைனல்’, ‘பைனல் நியூ’, ‘பைனல் லேட்டஸ்ட்’ என்று ஒரே சார்ட்டுக்கு மூன்று பிறவி. போன மாதம் பழைய பைனலை வைத்துக் கட்டிங் போய்விட்டது. கழுத்து அகலம் ஒரு சென்டிமீட்டர் கூடுதல். அதற்கப்புறம்தான் சிஸ்டம் தம்பிக்குப் போன் போயிருக்கிறது.

தம்பி முதலில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்தார். போர்ட் பார்வர்டிங் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: 3389.

“இதை யாருங்க போட்டது?”

அக்கவுண்டன்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். “லாக்டவுன்ல போட்டதுங்க தம்பி. முன்னாடி வந்துட்டிருந்தவரு, டேலியை வீட்லிருந்து பாக்கறதுக்குத் தற்காலிகமாப் போட்டுக் குடுத்தாரு.”

2020 மார்ச் 25ஆம் தேதி நாடு பூட்டிக்கொண்டது. பூட்டு எப்போதோ திறந்தாயிற்று. தற்காலிகம் மட்டும் இன்னும் முடியவில்லை.

3389 என்பது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் கேட்கும் எண். உலகம் முழுக்க அந்த எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கென்று நிரல்கள் ஓடுகின்றன. தம்பி அதை விளக்கவில்லை. சர்வரில் ஈவன்ட் வியூவரைத் திறந்து, 4625 என்ற எண்ணுள்ள பதிவுகளை மட்டும் வடிகட்டி, மானிட்டரை முதலாளி பக்கம் திருப்பிவைத்தார். தோற்றுப்போன லாகின் முயற்சிகள். மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்டப் பட்டியல் இறங்கிக்கொண்டே இருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர், ஸ்கேன், மறுபடி அட்மின். நேரத்தைப் பார்த்தேன். ஒரே நிமிஷத்தில் பல. ராத்திரி, அதிகாலை, ஞாயிற்றுக்கிழமை என்ற பேதமில்லை. ‘டெஸ்ட்’ என்று யாரும் இந்தக் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை.

முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “இது யாருங்க தம்பி?”

“தெரியாதுங்க. ஆளா இருக்காதுங்க. மெஷினுங்க.”

“உள்ள வந்திருக்கா?”

தம்பி உடனே பதில் சொல்லவில்லை. 4625க்குப் பதிலாக 4624 என்று அடித்து, வெற்றி பெற்ற லாகின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேனா முனையால் மேசையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்த அக்கவுண்டன்ட், தட்டுவதை நிறுத்தினார். “லாக்ல இருக்கற வரைக்கும் வெளியிருந்து யாரும் வந்த மாதிரி தெரியலீங்க” என்றார் தம்பி கடைசியில். பழைய பதிவுகள் நிரம்பி அழிந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்தப் பின்பாதியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 3389 வரியை அவர் அழித்தார். அதற்கு எடுத்த நேரம் ஒரு விநாடி.

முதலாளியின் மகன் உள்ளே வந்தார். கோயம்புத்தூரில் எம்பிஏ முடித்தவர். “ரிமோட் டெஸ்க்டாப் வேண்டாம்னா பைல் ஷேரிங்கையே நேராத் திறந்துவிட்டுரலாமே?” என்றார். அந்தக் கதவின் எண் 445. 2017 மே 12ஆம் தேதி வான்னாகிரை கிளம்பியது அதன் வழியாகத்தான். மைக்ரோசாப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. தம்பி இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்தச் சர்வரில் ஓடும் விண்டோஸ் 2012 ஆர்2-வுக்கு 2023 அக்டோபரோடு திருத்தம் வருவது நின்றுவிட்டது என்பதையும் சொன்னார். “அடுத்த சீசன்ல மாத்திக்கலாமுங்க” என்றார் முதலாளி. நூல் விலை கேட்டு வருகிறவர்களிடமும் அவர் இதே குரலில்தான் பேசுவார்.

“அப்பக் கூகுள் டிரைவ்ல போட்டா முடிஞ்சதுங்கப்பா.”

“காஸ்டிங் வெளிய போகக் கூடாது.”

பேச்சு அத்தோடு சரி. மகன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. பஞ்சு அடைத்த டப்பாவைவிட அது பல விதத்தில் பத்திரம். ஆனால் முதலாளிக்குக் கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால்தான் அது தன் சரக்கு.

வழி விபிஎன், அதாவது வெளியில் இருப்பவருக்கும் ஆபீஸுக்கும் நடுவே ஒரு பூட்டிய தனிப் பாதை, என்று முடிவாயிற்று. அதற்கு வெளியிலிருந்து கண்டுபிடிக்கக்கூடிய ஒரு முகவரி வேண்டும். கம்பெனியில் இரண்டு லைன். பழையதற்கு ஸ்டாட்டிக் ஐபி உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். புதியது வேகம், விலையும் குறைவு. பழையதை நிறுத்திவிடலாமா என்று முதலாளி கேட்டார். புதிய லைன் கொடுக்கும் முகவரி 100.64 என்று ஆரம்பித்தது. தம்பி ஜன்னல் வழியாக எதிர் வரிசையைக் காட்டினார். “அங்க லைன் வீட்ல பத்துக் குடும்பம் இருக்குது, டோர் நம்பர் ஒண்ணுதான். இவங்க வெளிய போய் வரலாம். வெளியிருந்து ஒருத்தர் தேடி வந்தா, எந்த வீட்டுக்குன்னு தெரியாம வாசல்லயே நிக்கணுமுங்க.” முதலாளி தலையாட்டினார். அந்த லைன் வீடு அவருடையதுதான். பழைய லைன் தப்பித்தது.

உள்ளங்கை அகல மைக்ரோடிக் ரவுட்டர் பெட்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார் தம்பி. அதில் வயர்கார்டு என்ற விபிஎன்னைப் போடப்போகிறார். சாவி சரியாக இருந்தால் பேசும். இல்லாவிட்டால் ‘போ’ என்றுகூடச் சொல்லாது. தட்டுகிறவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. லினக்ஸ் கெர்னலில் அது அதிகாரபூர்வமாகச் சேர்ந்த 5.6 பதிப்பு வெளிவந்தது 2020 மார்ச் 29இல். இங்கே 3389ஐத் தற்காலிகமாகத் திறந்த அதே ஊரடங்குக் காலம்.

அடுத்த ஒரு மணி நேரம் ரகளை. ஆபீஸில் எல்லா இயந்திரங்களும் 192.168.1 என்ற வரிசையில் இருந்தன. கோபியில் அந்தப் பெண்ணின் வீட்டு ரவுட்டரும் அதே வரிசை. பாதி வீடுகளில் அப்படித்தான் வரும். இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால், அவருடைய லேப்டாப் சர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஆகவே ஆபீஸ் வரிசையை 192.168.57 ஆக மாற்றினார். மாற்றிய கையோடு பார்கோடு பிரிண்டர் செத்தது. கைரேகை மெஷின் செத்தது. “டேலி போச்சுங்க!” என்று அக்கவுண்டன்ட் எழுந்து நின்றுவிட்டார். பேக்கிங்கிலிருந்து ஒரு பையன் மூச்சிரைக்க ஓடிவந்து, கார்ட்டன் ஸ்டிக்கர் வரவில்லை என்றான். தம்பி ஒவ்வொன்றிடமும் போய்க் குனிந்து புது எண் கொடுத்துவிட்டு வந்தார். கைரேகை மெஷினுக்கு மட்டும் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. விற்றவருக்குப் போன் போட்டு வாங்கினார்கள்; அது எட்டு பூஜ்யம்.

பிறகு லேப்டாப்பில் பச்சை விளக்கு எரிந்தது, போல்டர் திறக்கவில்லை. விண்டோஸ் பயர்வால் தன் சொந்த வரிசையிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் பைல் ஷேரிங்கைத் திறக்கும். விபிஎன் வழியாக வருபவருக்கு வேறு வரிசை. அந்த வரிசையையும் பயர்வால் விதியில் சேர்த்தார்.

இயந்திரங்களின் வேலை அதோடு முடிந்தது. தம்பி ஒரு ஏ4 தாளை எடுத்து இடப்பக்கம் போல்டர்களை எழுதினார். ஆர்டர், டெக் பேக், காஸ்டிங், அக்கவுண்ட்ஸ், சம்பளம். மேலே ஆட்களை எழுதினார். நடுவில் கட்டங்கள் காலி. சர்வரில் இன்றுவரை ஒரே விதிதான்: எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்.

“யாருக்கு எதுன்னு சொல்லுங்க. பாக்கறதா, எழுதறதா, ரெண்டுமா.”

முதலாளி தாளை வாங்கி மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார். சத்தமாகப் படிக்கவில்லை. மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு ஆர்டர், டெக் பேக் இரண்டிலும் டிக் போட்டார். மகனுக்கு எல்லாம். சம்பளத்தில் மட்டும் பேனா நின்று, பிறகு அதிலும் டிக். அக்கவுண்டன்ட் பெயருக்கு நேராக வந்ததும் அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் அந்தக் கம்பெனியில் தலை நரைத்தவர். அட்மின் பாஸ்வேர்டு அவருடைய டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது என்பது கேண்டீன்காரருக்கும் தெரியும்.

“அட்மினை இனி தம்பி மாத்தி, உங்க கையில குடுத்துரட்டுமுங்க. எனக்கெதுக்கு அதெல்லாம்” என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு வவுச்சர் கட்டை எடுத்து, ஏற்கெனவே அடுக்கியிருந்ததை மறுபடி அடுக்கினார்.

“நீங்க இல்லாமயா?” என்றார் முதலாளி. அவர் வரிசையில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார். அட்மின் பேச்சை எடுக்கவில்லை.

மைத்துனர் கோனை உருட்டுவதை நிறுத்தவில்லை. அவருடைய வரிசையில் ஆர்டருக்கு டிக் விழுந்தது. டெக் பேக்குக்கு விழுந்தது. பேனா காஸ்டிங்குக்கு மேலே வந்து நின்றது. பீஸுக்கு என்ன அடக்கம், பையரிடம் என்ன விலை, நடுவில் என்ன நிற்கிறது என்ற கணக்கு அது. “மாப்பிள்ளைக்கு இது எதுக்குங்க, புரொடக்‌ஷன் பாக்கறதுக்கே நேரமில்லை” என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார் முதலாளி. மைத்துனர் சிரித்தார். “ஆமாங்க மச்சான், எனக்கு எதுக்கு” என்றார். சிரிப்பு உதட்டோடு நின்றது. அந்தக் கட்டத்தில் முதலாளி ஒரு கோடு இழுத்தார். மற்றக் காலிக் கட்டங்களைக் காலியாகவே விட்டார். ஒரு வீட்டுக்குள் வருஷக்கணக்கில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அந்த ஏ4 தாள் சொல்லிவிட்டது. தம்பி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தட்டச்ச ஆரம்பித்தார். பழைய யூசர் பட்டியலில் கம்பெனியை விட்டுப் போனவர்கள் நாலைந்து பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அதில் ஒருவர் இப்போது எதிர்க் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர்.

கோபிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். பின்னணியில் குழந்தை அழுதது. “அக்கா, இப்ப இசட் டிரைவ்னு ஒண்ணு தெரியுதுங்களா?” “தெரியுதுங்க.” “திறங்க.” சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. நம் பக்கத்தில் மைக்ரோடிக் பெட்டியின் விளக்குகள் படபடத்தன. “வந்துருச்சுங்க” என்றார். சார்ட்டைத் திறந்து கழுத்து அகலத்தை வாசித்தார். கட்டிங் மாஸ்டரை மேலே வரவழைத்து ஒருமுறை கேட்கச் சொன்னார்கள். டேலியை மட்டும் இந்த இசட் டிரைவிலிருந்து நேராக ஓட்டக் கூடாது, விபிஎன்னுக்குள் வந்து ரிமோட் டெஸ்க்டாப்பில்தான் பார்க்க வேண்டும், நடுவில் லைன் அறுந்தால் டேட்டா கெடும் என்று அக்கவுண்டன்டிடம் சொன்னார் தம்பி. அவர் டைரியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அதை எழுதிக்கொண்டார்.

முதலாளி என் லேபிள் அட்டையைப் பார்த்து, சிவப்பு கொஞ்சம் அடிக்கிறது என்றார். நான் சரியென்றேன்.

தம்பி சர்வரை மூடும்போதுதான் அதன் பின்னால் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் செருகியே கிடப்பதைப் பார்த்தார். பேக்கப். இப்படி எந்நேரமும் சொருகி வைத்தால் வைரஸ் வரும்போது அதுவும் சேர்ந்து போகும், வாரத்தில் ஒரு நாள் எடுத்துவிட்டுக் கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்றார். டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டுத் தரட்டுமா என்றும் கேட்டார்.

“அதெல்லாம் எதுக்குங்க, மறந்து தொலைச்சா நாமளே திறக்க முடியாது” என்றார் முதலாளி. வேறு இடம் எது என்று யோசித்தார். தினமும் கடைசியாக ஆபீஸைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர் மைத்துனர். வீடும் பக்கம். சனிக்கிழமைதோறும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்து, திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவருவது அவர் பொறுப்பு என்று முடிவாயிற்று. தம்பி வாயைத் திறந்தார், பிறகு பில் புத்தகத்தை எடுத்தார். டிஸ்க்கில் ஐந்து போல்டரும் இருக்கின்றன, பாஸ்வேர்டு கிடையாது.