பொருந்தாது

2008-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் பெயரால் நான் ஒரு பொய்யை எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கையெழுத்துகள் நிஜம், கைநாட்டுகள் நிஜம், கூட்டம் நடந்த தேதியும் நிஜம். ஊர் மக்கள் முடிவு செய்ததாக எழுதிய மூன்று வரிகள் மட்டும் என்னுடையவை.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தையும் இழுக்கவில்லை. அப்படி எழுது என்று அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது அதன் ஏட்டில் ஒரு நல்ல யோசனை இருந்தது. அரசு மருத்துவச் சேவை எப்படி இருக்கிறது என்பதை அதைப் பயன்படுத்தும் மக்களே மதிப்பிட வேண்டும், அடுத்து என்ன வேண்டும் என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். முதற்கட்டமாக ஒன்பது மாநிலங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த ஐந்து மாவட்டங்களில் எங்கள் தருமபுரியும் ஒன்று. மற்றவை கன்னியாகுமரி, பெரம்பலூர், திருவள்ளூர், வேலூர்.

முறை எளிமையானது. ஊரில் ஒரு சுகாதாரக் குழு. அது வீடு வீடாகவும் கூட்டமாகவும் கேட்டு வரும். பதில்களுக்கு மதிப்பெண் போட்டு, ஓர் அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சிவப்பைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பிறகு நர்சம்மாவையும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையும் வைத்துக்கொண்டு, சிவப்பை எப்படிப் பச்சையாக்குவது என்று திட்டம் போட வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சமூகப்பணியில் பட்டம், ஒரு பழைய டிவிஎஸ் 50, பை நிறைய ஸ்கெட்ச் பேனா. கூட்டத்தை நடத்துவதும் கடைசியில் அந்தத் திட்டத்தை எழுதுவதும் என் வேலை.

கூட்டம் புளியமரத்தடியில் நடந்தது. (எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டம்தான் புளியமரத்தடியில் நடக்கவில்லை.) முதலில் ஆண்கள் பேசினார்கள். போரில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் எரிந்துபோய் மூன்று மாதம் ஆகிறது, தலைவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பிறகு பெண்கள். பின்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி பேசத் தொடங்கியதும் மற்றவர்கள் அடங்கிவிட்டார்கள். அவர் சொன்னதை என் குறிப்பேட்டில் பாதிதான் எழுதியிருந்தேன். மீதி காதில் இருக்கிறது.

“தம்பி, எங்கூட்டுக்காரரு படுத்து ரெண்டு வருசமாச்சு. பையனும் மருமவளும் பெங்களூர்ல கட்டட வேல. நான் ஒருத்தி. அவரத் தூக்கி உக்கார வைக்க என்னால முடியல. முதுகெல்லாம் புண்ணு. நர்சம்மா வந்தா யாரு முழுகாம இருக்கா, எந்தக் கொழந்தைக்கு ஊசி போடணும்னுதான் கேக்குறாங்க. வாரத்துக்கு ஒருக்கா யாராச்சும் வந்து அவரத் திருப்பிப் போட்டு, அந்தப் புண்ணத் தொடச்சு உட்டாப் போதும் சாமி. வேற ஒண்ணும் வேணாம்.”

அதற்குப் பிறகு கூட்டம் வேறு பக்கம் திரும்பவே இல்லை. எந்தெந்த வீட்டில் ஆள் படுத்திருக்கிறார்கள் என்று பெண்கள் விரல்விட்டு எண்ணினார்கள். ஏழு வீடு வந்தது. பக்கவாதம் வந்தவர், இடுப்பு முறிந்தவர், பிறவியிலேயே நடக்காத ஒரு பெண். பிள்ளைகள் பெங்களூரிலோ திருப்பூரிலோ இருந்தார்கள். கிழவிகள் கிழவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மழை பொய்த்தால் பாதி ஊர் பஸ் ஏறிவிடும் மாவட்டம் இது. பஸ் ஏற முடியாதவர்களை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அன்று அந்த ஊர் கேட்ட கேள்வி.

என் கையில் இருந்த படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கர்ப்பிணி, பிரசவம், தடுப்பூசி, மருந்து இருப்பு, மரியாதையாக நடத்தினார்களா என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. படுத்துக் கிடப்பவருக்கு எதுவும் இல்லை. குறிப்பேட்டின் ஓரத்தில் ‘முதியோர்’ என்று எழுதி, பக்கத்தில் ‘பொருந்தாது’ என்று போட்டேன். அந்தக் குறிப்பேடு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறேன், முடிந்த விஷயத்துக்குப் போடுவதுபோல.

அன்று மாலை தருமபுரி பஸ் ஸ்டாண்டு அருகில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து திட்டத்தை எழுதினேன். ஊரின் முதல் தேவை: புளோரைடு இல்லாத குடிநீர். இரண்டாவது: பாதுகாப்பான பிரசவம். மூன்றாவது: சுற்றுப்புறத் தூய்மை. டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

புளோரைடு கற்பனையான பிரச்சனை அல்ல. இங்கே நிலத்தடி கடும் பாறை. போர் ஆழமாகப் போகப்போகப் பாறையில் இருக்கும் புளோரைடு நீரில் கரைந்து வரும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது என்பது கணக்கு. அதைக் குடித்தே வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை விழும். வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போகும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண்பிள்ளைகளை நான் பள்ளி பள்ளியாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைய கூட்டத்தில் புளோரைடு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. ஆண்கள் தண்ணீர் வரவில்லை என்றார்கள்; தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பேசவில்லை. அவர்களுடைய ‘தண்ணி’யை எடுத்து, அதில் என்னுடைய புளோரைடைக் கலந்தேன்.

ஏன் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். 2008 பிப்ரவரியில், புளோரைடு இல்லாத காவிரி நீரை எங்கள் ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. ஏப்ரலில் சென்னையில் திரையுலகமே உண்ணாவிரதம் உட்கார்ந்தது. கர்நாடகத்தில் தேர்தல் முடியும்வரை திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. எல்லாக் கேமராக்களும் எங்கள் மாவட்டத்துப் பக்கம் திரும்பியிருந்தன. அந்த வேளையில் ‘மக்களே புளோரைடை முதலிடத்தில் வைத்தார்கள்’ என்று ஒரு கிராமத்து அட்டையோடு அதிகாரிகள் இருக்கும் கூட்டத்தில் எழுந்து நின்றால் பேச்சு எடுபடும் என்று எனக்குத் தெரியும். எடுபட்டது. மேடையில் இருந்த ஓர் அதிகாரி தலையசைத்து, அட்டையை வாங்கிப் பார்த்தார். அந்தத் தலையசைப்புக்காகத்தான் எழுதினேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. வெளியூரில் தருமபுரிக்கு என்று ஒரு முகம் செய்து வைத்திருந்தார்கள்: கறைப்பல்லும் பெண் சிசுக்கொலையும். 2001 கணக்கெடுப்பில், கிருஷ்ணகிரி பிரியாத பழைய தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் அந்த ஆண்டுதான் இங்கே நீட்டிக்கப்பட்டது. கொடுமை உண்மை, எண்ணும் உண்மை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் எழுதும் அறிக்கைக்கு அந்த முகம் ஒரு வசதியான அச்சு. கட்டிலில் படுத்திருக்கும் ஒரு கிழவரின் முதுகுப்புண் எந்த மாவட்டத்திலும் இருக்கும். அதில் ‘தருமபுரி’ இல்லை என்று நினைத்தேன்.

இதைவிட மோசமானது பணக் கதை. கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிபந்தனையற்ற நிதி உண்டு. பெண்கள் அதைக் கேள்விப்பட்டிருந்தார்கள். அந்தப் பாட்டி வீட்டுக்கு ஒரு தண்ணி மெத்தையும், ஏழு வீட்டுக்கும் ரப்பர் ஷீட்டும் வாங்கலாமா என்று கேட்டார்கள். “தனி ஆளுக்கெல்லாம் செலவு பண்ண ரூல் இல்லைங்கம்மா” என்றேன். உறுதியான குரலில் சொன்னேன். அந்த வழிகாட்டு நெறியை நான் படித்ததே இல்லை. சில ஆண்டுகள் கழித்து வேறொரு வேலைக்காகப் படிக்க நேர்ந்தபோது அந்த வரி கண்ணில் பட்டது: ஆதரவற்ற பெண்ணுக்கோ மிக ஏழையான குடும்பத்துக்கோ மருத்துவத் தேவை என்றால் இந்த நிதியைச் செலவிடலாம். அதாவது அவர்கள் கேட்டது விதிக்குள்தான் இருந்தது. என் யோசனைப்படி அந்த ஆண்டு வாங்கியது பிளீச்சிங் பவுடர். மிச்சத்தில் சத்துணவுக்கூடச் சுவரில் புளோரைடு பற்றி ஒரு வாசகம். நீல வண்ணத்தில், பெரிய எழுத்தில். வாசகம் எழுதியவன் நான்.

அதே 2008-இல்தான் கேரள அரசு வலிதணிப்புப் பராமரிப்புக்கென்று தனிக் கொள்கையையே அறிவித்தது. அங்கே உள்ளாட்சியின் பொறுப்பில் நர்சுகள் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டி மரத்தடியில் கேட்டதை வாளையாறு தாண்டி ஓர் அரசு கொள்கையாக எழுதிக்கொண்டிருந்தது. நான் பொருந்தாது என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை அந்த ஊருக்குப் போனபோது பாட்டி வீட்டுத் தெரு வழியாகப் போகவில்லை. பால் சொசைட்டிப் பக்கமாகச் சுற்றிப் போனேன். கிழவர் இருக்கிறாரா இல்லையா என்று யாரிடமும் கேட்கவில்லை.

2013 மே 29 அன்று ஒகேனக்கல் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். ஜப்பான் கடனுதவியோடு, 1,928.80 கோடி ரூபாய்த் திட்டம். காவிரித் தண்ணீர் எங்கள் ஊர்களுக்குக் குழாயில் வந்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் பலன் அது. என் அட்டைக்கு அதில் தம்படி பங்கும் கிடையாது. ஆனாலும் இரண்டு நேர்முகத் தேர்வுகளில், ‘மக்கள் முன்வைத்த முன்னுரிமை நிறைவேறிய அனுபவம்’ என்று இதைச் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் வேலையும் கிடைத்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று, ஒரு காலத்தில் எங்கள் மாவட்டமாகவே இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில், முதல்வர் ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை, கூடவே வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை, வலிதணிப்புப் பராமரிப்பு. செய்தியைப் படித்தபோது பதின்மூன்று வருடம் என்று கணக்குப் போட்டேன். அன்று நான் எழுதியிருந்தால் அப்போதே வந்திருக்குமா என்றால், வந்திருக்காதுதான். ஒரு கிராமத்து அட்டையால் ஒரு திட்டம் வருவதில்லை. ஆனால் ஐந்து மாவட்டங்களில் எத்தனை குறிப்பேடுகளின் ஓரத்தில் இப்படி ஒரு சொல் இருந்ததோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை வாலிப வயதின் தவறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். முடியவில்லை.

உலக வங்கிக் கடனுதவியோடு 2019-இல் தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டம் வந்தது. அதன் ஒரு பகுதி சுகாதாரப் பேரவை. தாய்லாந்தில் 2007-இல் சட்டமே போட்டு, 2008 முதல் தேசிய சுகாதாரப் பேரவை நடத்துகிறார்கள். அரசு, நிபுணர்கள், பொதுமக்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து தீர்மானம் போடுகிறார்கள். அதன் சாயலில் இங்கே வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பேரவைகள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வட்டாரக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். தலை நரைத்துவிட்டதால் ‘அனுபவசாலி’ வரிசையில் நாற்காலி.

மலைக்கிராமத்துக்காரர் ஒருவர் எழுந்தார். சாலை வேண்டும் என்றார். எங்கள் மாவட்டத்தில் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றி மலைக்கு அனுப்பியதுண்டு. பத்திரிகையில் படம் வந்ததுண்டு. அந்த மாதிரி ஊர். பிரசவ வலி வந்தால் துணியைக் கம்பில் தூளிபோலக் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். “108 அடிவாரத்துல நிக்குது சார். அடிவாரத்துக்கு வர்றதுதான் எங்களுக்குச் சாவு” என்றார்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். பேனாவை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்து, “சார், ரோடு வனத்துறையில்ல? இது எந்தத் தலைப்புல வரும்?” என்று கேட்டது.

சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. “மத்தவைல போட்டுரும்மா” என்றேன்.

அது போட்டுவிட்டது. என்னை நம்பித்தான் கேட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. படிவமும் தலைப்பும் மாறியிருந்தன, நான் மாறவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, சாலையை முதல் வரியில் எழுதச் சொன்னேன். அறிக்கை முந்தைய நாள் மாலையே போய்விட்டது என்றது.

உங்கள் வட்டாரத்திலும் இப்படிக் கூட்டம் நடக்கும். கிராம சபையாகவும் இருக்கலாம், சுகாதாரப் பேரவையாகவும் இருக்கலாம். என்னைப் போல ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்து, நீங்கள் பேசுவதற்கெல்லாம் தலையாட்டுவார். முடிந்ததும் கையெழுத்துக் கேட்பார். போடுவதற்கு முன் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பேசியது எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த இடத்திலேயே எழுத வையுங்கள். நேரமாகிவிட்டது என்பார், விடாதீர்கள்.

புளியமரத்தடியில் முப்பத்தோரு பேர் எனக்குக் கையெழுத்தும் கைநாட்டும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டியின் கைநாட்டு ஒன்பதாவது. ஒருவருக்கும் நான் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்ட அப்போது அந்தத் தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை.