கண் வரையாத காவலர்

கோடை விடுமுறையில், ஆம்பூர்ப் பக்கத்துப் பங்கொன்றில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்திக்கொண்டிருந்தோம். நம் உடலில் இறைவன் வைத்துள்ள வியப்புகளில் ஒன்றை வரைந்து வருமாறு கூறியிருந்தோம். காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கும் ஒரு தாயின் மகள், இரத்தத்தின் வெள்ளணுவை மனிதராகவே வரைந்து வந்தாள். முறுக்கிய மீசை, கையில் தடி, கண்களை மறைக்கும் தொப்பி. தொழிற்சாலை வாயிலில் நிற்கும் காவலரின் சாயல். ஜப்பானிய ஓவியர் ஷிமிஸு அகானே 2015இல் தொடங்கிய ‘செல்ஸ் அட் ஒர்க்’ என்னும் படக்கதையில், வெள்ளணு வெண்சீருடை இளைஞனாக வருகிறது. அதன் திரைவடிவை அலைபேசியில் பார்த்தவள், நம் ஊருக்கு ஏற்ப மீசை வைத்துவிட்டாள்.

“ஃபாதர், யாரை உள்ளே விடணும், யாரை அடிக்கணும்னு இவருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள்.

அறிவியல் தரும் விடை அழகானது. வெள்ளணுக்களுள் ‘டி’ அணுக்கள் என்றொரு வகை உண்டு. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இவை, மார்பெலும்பின் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே உள்ள தைமஸ் சுரப்பிக்குப் பயிற்சிக்குச் செல்கின்றன. அங்கே இரு தேர்வுகள். உடலின் சொந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிகிறதா? சொந்த உடலையே தாக்கத் துணிகிறதா? முதலாவதில் தவறியவையும் இரண்டாவதில் அகப்பட்டவையும் அங்கேயே மடிகின்றன. தேறி வெளிவருபவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. நாம் பயின்ற குருமடம் இத்தனை கண்டிப்பானதன்று! போரிடுவதற்கு முன் நம்மவரை அறிய வேண்டும் என்பதே அக்காவலருக்கு முதற் பாடம்.

அணுவை மனிதராகக் காண்பது நம் மண்ணுக்குப் புதிதுமன்று. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியவர். 1980இல் பிலிப் யான்சியுடன் இணைந்து வெளியிட்ட நூலில், உடலின் அணுக்களைத் திருச்சபையின் உறுப்பினரோடு ஒப்பிட்டு எழுதினார். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய உடல் உவமையை அவர் நுண்ணோக்கியின் வழியே கண்டார் எனலாம்.

அவர் பணியாற்றிய தொழுநோயிலோ காவலரின் கதை துயரமானது. கிருமியை விழுங்க வேண்டிய மேக்ரோஃபேஜ் என்னும் அணு, விழுங்கியும் கொல்ல இயலாமல் அதற்குத் தன்னுள்ளேயே குடியிருப்பு தருகிறது. வேறு சிலரிடத்தில் காவலர் கூட்டம் திடீரெனச் சீறி எழுகிறது. கிருமி ஒளிந்திருப்பது நரம்பில். அடி விழுவதும் நரம்பின்மீதே. உணர்வற்றுப் போன கை, கொதிக்கும் பாத்திரத்தின் சூடு அறியாமல் புண்படுகிறது. காவலரின் சினமே காக்க வேண்டியதை அழித்துவிடுகிறது.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறைக்கலாகாது. பல ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியின் வேறொரு பங்கில் இருந்தோம். டேனரியில் தோல் அலசிப் பிழைத்த பெரியவர் ஒருவர், தொழுநோய்க்கு முழுச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்து திருப்பலிக்கு வந்தார். மடங்கிய விரல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. கூட்டு மருந்துச் சிகிச்சை முடித்தவரிடமிருந்து நோய் பரவாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் பங்கின் முக்கியஸ்தர் சிலர் வந்து, அவர் நற்கருணை வாங்கக் கடைசியில் வரட்டும் என்றனர். பங்கில் சமாதானம் கெடக் கூடாது என்று எண்ணி, அதை அவரிடம் நாமே சொன்னோம், மிகவும் தன்மையாக.

“சரிங்க சாமி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இறக்கும்வரை கடைசி வரிசையிலேயே அமர்ந்தார். எல்லாரும் திரும்பிய பின்னரே எழுந்து வந்தார். முன்வரிசைக்கு வாருங்கள் என்று ஒரு ஞாயிறேனும் நாம் அழைத்ததில்லை.

அன்று நாம் யாரிடமிருந்து யாரைக் காத்தோம்? கிருமி இல்லாத இடத்தில் எழுந்த சீற்றம் அது. அடிபட்டதோ நம் உடலின் உறுப்பொன்று. உணர்வற்றுப் போனவை அப்பெரியவரின் விரல்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தோம். அவர் உள்ளம் பட்ட நோவை உணராதிருந்தது நாமே என்று புரிய ஆண்டுகள் பல ஆயின. தைமஸின் இரண்டாம் தேர்வில், குருப்பட்டம் பெற்ற நாம் தவறியிருந்தோம்.

காவலர் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. காவலற்ற உடல் ஒரு சளிக்காய்ச்சலுக்கே வீழும். ஆனால் எந்தப் பங்கிலும், யாரைத் தள்ளி வைக்கலாம் என்று பேச்சு எழும்போது, அவர் நம் உடலின் உறுப்பா என்ற வினாவே முதலில் எழ வேண்டும். அதைக் கேட்காமல் தடியை ஓங்குகிறவர், எத்தனை விழிப்பாக நின்றாலும் காவலர் ஆகார்.

அச்சிறுமிக்குத் தைமஸ் பள்ளியின் கதையைச் சொன்னோம். பெரியவரின் கதையைச் சொல்ல அன்று துணிவில்லை. ஆகவே இங்கு எழுதுகிறோம். படத்தைத் திருப்பிக் கொடுக்கையில், “தொப்பியைச் சற்று உயர்த்தி, இவருக்குக் கண் வரைந்து வா அம்மா” என்று மட்டும் கூறினோம்.