காட்டேரிக்குக் கிடைத்த அனுமதி

பேய்க்கதை என்றால் எனக்குப் பெரும் பித்து. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கம்பனையும் இளங்கோவையும் பற்றி நண்பர்கள் எழுதும் இம்மலரில், இரத்தம் குடிக்கும் காட்டேரியைப் பற்றி எழுத வந்துவிட்டானே இவன் என்று யாரும் முகஞ் சுளிக்க வேண்டாம். சற்றுப் பொறுத்துப் படித்தால், காட்டேரியில் தொடங்குவது மனிதரில் போய் முடிவதைக் காண்பீர்கள்.

ஊரை விட்டு இங்கு வந்த முதல் ஆண்டில் எனக்கு இவ்வூர் மொழி தெரியாது. விடுதிச் சாப்பாடும் பிடிக்கவில்லை. மாலையானால் எனக்குப் போக்கிடம் நூல்நிலையம் ஒன்றுதான். அங்கே ஓர் அலமாரியின் அடித்தட்டில், அட்டை கிழிந்த ஒரு தொகுப்பில்தான் 'கார்மில்லா' எனக்குக் கிடைத்தாள்.

எழுதியவர் ஷெரிடன் லெ ஃபானு, டப்ளின் நகரத்தவர். 1871-72-இல் தொடர்கதையாக வெளிவந்தது. அதே டப்ளினில் பிறந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வெளிவந்தது 1897-இல். ஆகவே உலகமெல்லாம் அறிந்த அந்தப் பிரபுவுக்குக் கார்மில்லா இருபத்தைந்து ஆண்டு மூத்தவள். மூத்தவளை விட்டுவிட்டு இளையவனுக்கே புகழ்மாலை சூட்டுகிறது உலகம்!

கதை ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஸ்டீரியாவில் நடக்கிறது. காட்டின் நடுவே தனித்து நிற்கும் ஒரு மாளிகை. அதில் தாயில்லாப் பெண் லாரா, தன் தந்தையோடு வாழ்கிறாள். பேசிப் பழகத் தன் வயதில் ஒரு தோழி இல்லையே என்று ஏங்குகிறாள். ஒரு நிலா இரவில், மாளிகைக்கு எதிரே ஒரு வண்டி குடை சாய்கிறது. வண்டியிலிருந்த சீமாட்டி, அவசரப் பயணம் என்று சொல்லித் தன் மகளை மூன்று மாதத்துக்கு அங்கே விட்டுச் செல்கிறாள். அந்த மகள்தான் கார்மில்லா. லாராவுக்குத் தோழி கிடைத்துவிட்டாள். ஆனால் சுற்றுப்புறத்து இளம் பெண்கள் ஒவ்வொருவராக மெலிந்து மடிகிறார்கள். பழைய ஓவியம் ஒன்றைத் துடைத்துப் பார்த்தால், 1698 என்று ஆண்டு எழுதிய அந்தப் படத்தில் கார்மில்லாவின் முகம்! கழுத்து மச்சம்கூட மாறவில்லை. முடிவில் கல்லறையைத் திறக்கிறார்கள். மார்பில் முளை அடிக்கிறார்கள். தலையைத் துண்டித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள்.

இவ்வளவோடு கதை நின்றிருந்தால், நானும் இரண்டு இரவு விளக்கை அணைக்காமல் தூங்கிவிட்டு மறந்திருப்பேன். ஆனால் லாரா இதைப் பல ஆண்டுகள் கழித்து எழுதுகிறாள். எழுதும்போதும், அவளுடைய மெல்லிய காலடி கதவருகே கேட்பது போல் சில வேளைகளில் தோன்றுவதாகச் சொல்லி முடிக்கிறாள். இது பயமா? ஏக்கமா? நான் அன்று நெடுநேரம் விழித்திருந்தது இந்தக் கேள்வியால்தான். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள் என்று வெளிப்படையாக எழுத இயலாத காலம் அது. காட்டேரி என்ற திரையைப் போட்டுக்கொண்டு லெ ஃபானு அதை எழுதிவிட்டார். எழுதியதற்கு ஈடாக, கடைசியில் அவளைக் கொன்றும் விட்டார்.

பிறகு 'டிராகுலா'வை எடுத்தேன். நாட்குறிப்பு, கடிதம், தந்தி, ஒலிப்பதிவு என்று அந்த நாவல் முழுவதும் பலர் மாறி மாறிப் பேசுகிறார்கள். வழக்கறிஞர் பேசுகிறார், அவர் மனைவி மீனா பேசுகிறாள், மனநோய் மருத்துவர் பேசுகிறார். டிராகுலாவின் நாட்குறிப்பு மட்டும் எங்கும் இல்லை. கார்மில்லாவுக்கும் இதே கதிதான். வேட்டையாடியவர்கள் எழுதி வைத்ததையே நாம் படிக்கிறோம்.

நிற்க. விடுதியில் எனக்கொரு நண்பர் உண்டு; தமிழர்தான். அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். இடத்தையும் காலத்தையும் சற்று மாற்றியிருக்கிறேன். என் காட்டேரிப் பித்தைக் கண்ட அவர் ஒருநாள், "கார்மில்லா உனக்குப் பிடித்ததா? அப்படியானால் இதைப் படித்துப் பார்" என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். பழுப்புத் தாள் அட்டை போட்டு, மேலே ஏதோ ஒரு பாடத்தின் பெயரை எழுதியிருந்தார். பிரித்தேன். முழுவதும் படம்.

"சித்திரக்கதையா? இது சிறுபிள்ளைகள் படிப்பதல்லவா?" என்றேன். நமக்குச் சித்திரக்கதை என்றால் இரும்புக்கை மாயாவிதானே! 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர். அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்துக் கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்தவன் நான். நண்பர் பதில் சொல்லவில்லை. நானும் அந்தப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் போட்டுவிட்டு மறந்தேன்.

சில நாள் கழித்து, சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ அவருடைய நடையைப் போல் நடந்து காட்டினார்கள். ஒரு சொல்லும் சொன்னார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். மேசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். பெரிதாக அல்ல, மற்றவர்கள் சிரிக்கும்போது நாமும் சிரிப்போமே, அந்த அளவுதான். தட்டைக் கழுவ எழுந்தவர், என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிரவு தலையணைக்கடியிலிருந்த புத்தகத்தை எடுத்தேன். அலிசன் பெக்டெல் என்ற அமெரிக்கப் பெண்மணி 2006-இல் வெளியிட்ட 'ஃபன் ஹோம்' அது. தன் வாழ்க்கையையே படமாக வரைந்திருக்கிறார். தந்தை பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஊரில் இறந்தவர்களை அடக்கத்துக்கு ஒழுங்குசெய்யும் குடும்பத் தொழிலையும் நடத்துகிறார். கல்லூரியில் படிக்கும் மகள், தான் பெண்களையே விரும்புபவள் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதுகிறாள். அதற்குப் பிறகுதான், தந்தையும் ஆண்களை விரும்பியவர், வாழ்நாளெல்லாம் அதை மறைத்தவர் என்று அவளுக்குத் தெரிகிறது. சில மாதங்களில் தந்தை லாரி மோதி இறந்துவிடுகிறார். விபத்தா, தாமே தேடிக்கொண்டதா? மகளுக்கு அது விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ளவே வரைந்தது போலிருக்கிறது நூல். ஏறத்தாழ ஏழு ஆண்டு உழைப்பு. ஒவ்வோர் உருவத்துக்கும் தாமே அப்படி நின்று, புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்தாராம்!

கார்மில்லாவுக்குக் கிடைக்காத நாட்குறிப்பு இவருக்குக் கிடைத்துவிட்டது என்று எண்ணினேன். இங்கே முளையும் இல்லை, சாம்பலும் இல்லை. தன் கதையைத் தானே சொல்லும் ஒரு மனுஷி இருக்கிறாள்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். அப்போது ஒரு விந்தையான செய்தி கண்ணில் பட்டது. 1954-இல் அமெரிக்கச் சித்திரக்கதை வெளியீட்டாளர்கள் தங்களுக்கென ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். காட்டேரிகள் வரக்கூடாது என்றது அது. பாலியல் பிறழ்வு என்று அக்காலத்தார் கருதியதன் சாயலும் கூடாது என்றது. தன்பால் ஈர்ப்பும் அதில் அடக்கம். ஆக, காட்டேரிக்கும் என் நண்பர் போன்றவர்களுக்கும் ஒரே தடை! 1971-இல் விதி தளர்ந்தது. யாருக்கு? காட்டேரிக்கு. 'டிராகுலா' போன்ற உயர்ந்த இலக்கிய மரபில் வருவதாயின் வரலாம் என்றார்கள். விரைவிலேயே டிராகுலாவின் பெயரில் ஓர் இதழ் கடைக்கு வந்துவிட்டது. தன்பால் ஈர்ப்புள்ள மனிதர் அந்த விதித்தொகுப்பின் கதவைத் தாண்ட 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரத்தம் குடிப்பவனுக்கு முதலில் அனுமதி. அன்பு செய்பவனுக்குப் பதினெட்டு ஆண்டு கழித்து!

நல்லவேளையாக, எல்லாரும் கதவருகே காத்திருக்கவில்லை. ஹோவர்ட் குரூஸ் என்பவர் 1980-இல் அந்த முத்திரையே தேவைப்படாத சிறு வெளியீடாக 'கே காமிக்ஸ்' என்ற இதழைத் தொடங்கி வைத்தார். பெக்டெலும் 1983 முதல் 2008 வரை தோழியர் கூட்டமொன்றின் அன்றாட வாழ்க்கையைத் தொடராக வரைந்தார். அதில் அவர்கள் வாடகை கட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பூனை வளர்க்கிறார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது சாப்பாட்டுக் கூடத்துச் சிரிப்பல்ல.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "அன்று நான் சிரித்தது தவறு" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே, அன்று நான் பள்ளியில் இருந்தேன். இனிக் குற்றமில்லை என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். ஆனால் சாப்பாட்டுக் கூடத்துக்கு அந்தச் செய்தித்தாள் வருவதில்லை போலும்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்ற மாதம் என் அறைக்கு ஒரு தாளோடு வந்தார். தாயாருக்கு எழுதிய கடிதம். "உன் தமிழ் நன்றாக இருக்குமே, பிழை பார்த்துக் கொடு" என்றார். பிழை அதிகமில்லை. ஓரிடத்தில் மட்டும் ஆங்கிலச் சொல்லை எழுதி அடித்திருந்தார். "அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழில் எப்படிச் சொல்வது?" என்றார். 'தன்பால் ஈர்ப்பு' என்றேன். "அது பத்திரிகைத் தமிழ், அம்மாவுக்குப் புரியாது" என்றார். இருவரும் நள்ளிரவு வரை சொல் தேடினோம். கடைசியில், 'அம்மா, எனக்குப் பெண் பார்க்க வேண்டாம்; என் மனம் ஆண்களிடமே போகிறது' என்று எளிய தமிழில் எழுதினார். படித்துப் பார்த்து, "இதில் பிழை உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அக்கடிதம் இன்னும் அஞ்சலில் சேரவில்லை. அந்தப் பழுப்பு அட்டைப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அனுப்புவதும் கிழிப்பதும் அவர் விருப்பம்.

நண்பர்களே, 'கார்மில்லா' நம் நூல்நிலையத்து அடித்தட்டில் இருக்கிறாள். எடுத்துப் படியுங்கள், சுவையான கதை. 'ஃபன் ஹோம்' வேண்டுவோர் என் அறைக்கு வரலாம். நானே ஒரு பிரதி வாங்கிவிட்டேன். அதற்கு நான் அட்டை போடவில்லை.